கடல் கடந்த பணியும் கைவந்த ஓய்வும்

மன்னாருக்குத் தெற்கே, அருவி ஆறு கடலொடு கலக்கும் இடத்தைத் தாண்டிக் கரைவழியே சென்றால் அரிப்பு என்னும் ஊர் வரும். அதனை அடுத்துச் சிலாவத்துறை. அதற்கும் தெற்கே கொண்டச்சி, கரடிக்குழி, பாலைக்குழி, மறிச்சுக்கட்டி என ஊர்கள் தொடர்ந்து, வில்பத்துக் காட்டின் எல்லையில் முடிகின்றன. இவை யாவும் முசலிப் பிரிவைச் சேர்ந்தவை. அரிப்பிலே, கடல் அரித்துத் தின்னும் செம்மண் மேட்டின் விளிம்பில், இடிந்த மாளிகை ஒன்று நிற்கின்றது. ஊரார் அதனை அல்லிராணி கோட்டை என்பர். உண்மையில் அது இலங்கையின் முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத் தாம் தங்குவதற்கென 1801ஆம் ஆண்டுக்கும் 1804ஆம் ஆண்டுக்கும் இடையில் கட்டுவித்த இல்லம். கிரேக்க நாட்டுத் தூண்களைப் பின்பற்றி எழுந்த அம்மாளிகையைக் கதையில் வரும் தமிழ் அரசிக்கு உரிமையாக்கி விட்டனர் எங்கள் முன்னோர்.

நேயர்களே, இக்கரையை நான் முதலிற் கூறியதற்குக் காரணம் உண்டு. அன்னிய நாட்டிலிருந்து அலுவல் நிமித்தம் வந்தவர்கள் இத்துணை நெருக்கமாய்க் கூடிய கரை இலங்கையில் வேறொன்று இருந்திருக்குமோ என்பது ஐயமே. அராபியாவிலிருந்து சுழியோடிகள் வந்தனர். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் தோணிகள் வந்தன. முத்து வாங்க இந்தியப் பெருநகரங்களிலிருந்து வணிகர் வந்தனர். கணக்கெழுதவும் காவல் செய்யவும் ஆங்கிலேய உத்தியோகத்தர் வந்தனர். எல்லாரும் வேலைக்காக வந்தவர்கள். வேலை முடிந்ததும் திரும்பியவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் இன்று எவருக்கும் தெரியாது. ஒரு சிலர் மட்டும், வேலை நேரத்துக்கு வெளியே தமக்குக் கிடைத்த சிறு பொழுதைப் பயன்படுத்திய காரணத்தால், இன்றும் நம்மோடு பேசிக்கொண்டிருக்கின்றனர். பணி நிமித்தம் வெளிநாடு செல்பவர் தம் ஓய்வுப் பொழுதை எவ்வாறு செலவிட வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். அதற்கு எங்கள் கரையே எனக்குப் பாடசாலையாய் அமைந்தது.

ஒரு காலத்தில் பிறர் நம் கரைக்கு வந்தனர். இக்காலத்தில் நாம் பிறர் கரைக்குச் செல்கிறோம். எங்கள் பகுதியில் ஆள் வெளிநாட்டில் இல்லாத வீடு அரிது. சிலர் இரண்டாண்டு ஒப்பந்தத்திற் செல்கின்றனர். சிலர் பத்து நாட் பயிற்சிக்குச் செல்கின்றனர். வேறு சிலர் இயந்திரம் பூட்டவோ, கணக்குப் பார்க்கவோ, கருத்தரங்கில் அமரவோ செல்கின்றனர். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், அன்றிப் பத்து மணி நேரம் கடமை. எஞ்சிய பொழுது நம்முடையது. அப்பொழுதில் நாம் இரண்டு தவறுகளுள் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, அறையிற் படுத்து, சுவரைப் பார்த்து, கைத்தொலைபேசியைப் பார்த்து, திரும்பும் நாளை எண்ணுவது. மற்றொன்று, ஊர் முழுவதையும் ஒரே நாளில் விழுங்கிவிட எண்ணி, பட்டியல் எழுதி, கோபுரத்தின் முன்னும் பாலத்தின் முன்னும் நின்று படம் எடுத்து, ஓடிக் களைத்து, எதையும் காணாமலே திரும்புவது. முதலாவது சோம்பலால் விளையும் இழப்பு. இரண்டாவது பேராசையால் விளையும் இழப்பு.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதனைக் காட்டியவர்கள் சிலரை இக்கரையிலிருந்தே எடுத்துக் கூறுகின்றேன்.

அரிப்பில் ஒல்லாந்தர் காலத்தில் ஒரு கோட்டை இருந்தது. 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 18ஆம் நாள், தாடியும் தலைமயிரும் வளர்ந்த இரண்டு ஆங்கிலேயர் காட்டிலிருந்து வெளிப்பட்டு அக்கோட்டையை வந்தடைந்தனர். ஒருவர் றொபேட் நொக்ஸ். மற்றவர் ஸ்டீவன் றட்லண்ட். கப்பல் வணிகத்துக்காகத் தந்தையோடு புறப்பட்டு வந்த நொக்ஸ், கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டிற் கழித்தவர். அருவி ஆற்றின் கரை பிடித்து நடந்து, எங்கள் கரையில் விடுதலை கண்டார். அவ்விருபது ஆண்டுகளில் அவர் தொப்பி பின்னினார், நெல் வட்டிக்குக் கொடுத்தார், தோட்டம் செய்தார். அதனோடு நில்லாமல், தம்மைச் சூழ்ந்திருந்த மக்கள் எப்படி உழுகின்றனர், எப்படி உண்கின்றனர், எப்படி வழக்குத் தீர்க்கின்றனர் என்பவற்றைக் கூர்ந்து கவனித்தார். தாயகம் நோக்கிச் சென்ற கப்பலிலேயே எழுதத் தொடங்கினார். 1681ஆம் ஆண்டு இலண்டனில் அந்நூல் வெளியாயிற்று. அக்கால இலங்கையைப் பற்றி எழுதப் புகும் எந்த ஆராய்ச்சியாளரும் இன்றுவரை அதனைத் தொடாமல் இருக்க முடியாது. தாமே விரும்பி வந்த பயணம் அன்று. கிடைத்தது ஓய்வும் அன்று, சிறை. அதனையும் ஒருவர் கல்வியாக்கிக் கொண்டார் என்றால், ஊதியமும் உறைவிடமும் பெற்றுச் செல்லும் நாம் என்ன சொல்லித் தப்ப முடியும்?

அடுத்து முத்துக்குளிப்புக் காலம். முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பரப்புகளைப் பார் என்பர். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் என அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. மாசி பங்குனி மாதங்களிற் கடல் அமைதியுறும் வேளையில் குளிப்பு நடைபெறும். வெறும் மணல்வெளியிலே சில நாட்களுக்குள் ஓலைக் குடிசைகளால் ஒரு நகரம் எழும்பும். தெருக்கள், கடைகள், நீதிமன்றம், மருத்துவமனை, சிறைக்கூடம் யாவும் அதில் உண்டு. இரவிலே தரைக்காற்றில் தோணிகள் புறப்படும்; பிற்பகலிலே கடற்காற்றில் திரும்பும். சுழியோடி காலிற் கல்லைக் கட்டிய கயிற்றோடு இறங்கி, ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின் மூச்சடக்கி, கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிப்போட, மேலே நிற்பவர் இழுத்தெடுப்பர். கரைக்கு வந்த சிப்பி மூன்று குவியல்களாக்கப்படும். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்க்கு. அன்று மாலையே ஏலம். வாங்கியவர் சிப்பியை அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பர். அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈக்களின் திரளும் காததூரம் எட்டும் என்று எழுதாதவர் இல்லை.

அங்குக் கடமைக்கு வந்தவர்களுக்குக் கையில் ஓய்வு மிகுந்திருந்தது என்று எண்ணாதீர்கள். ஆயினும் கொழும்பிலே படைமக்களுக்குச் சமயகுருவாகப் பணியாற்றிய ஜேம்ஸ் கோடினர், தம் பிரசங்கக் கடமையோடு அமையாமல், அரிப்பு முத்துக்குளிப்பை விரிவாக எழுதி 1807ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிற் சேர்த்தார். அவருக்கு முன்னரே, 1803ஆம் ஆண்டு, றொபேட் பேர்சிவல் என்னும் படைத்தலைவர் கொண்டச்சிக் குடாவின் காட்சியை எழுதினார். போதகருக்கும் போர்வீரருக்கும் சிப்பியோடு என்ன தொடர்பு? தொடர்பு யாதும் இல்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தனர், இரவில் விளக்கருகே அமர்ந்து எழுதினர், அவ்வளவே.

1906ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து மறிச்சுக்கட்டிக்கு ஓர் இளம் உத்தியோகத்தர் அனுப்பப்பட்டார். வயது இருபத்தைந்து. பெயர் லெனாட் வூல்ஃப். சிப்பி எண்ணுவதும், குவியல் பிரிப்பதை மேற்பார்வை செய்வதும், கூட்டத்தை ஒழுங்கில் நிறுத்துவதும் அவர் கடமை. இரவு பகல் பாராத வேலை. எனினும் தமிழைக் கற்றிருந்தமையால் அவர் காதும் கண்ணும் ஒருங்கே திறந்திருந்தன. அவ்வாண்டு கண்டவற்றை அடிப்படையாக வைத்து ஒரு சிறுகதை எழுதி, 1921இல் வெளியிட்டார். பின்னர் 1961ஆம் ஆண்டு, எண்பது வயதில், தம் இலங்கை வாழ்வைப் பற்றிய நூலில் மறிச்சுக்கட்டியின் அந்தச் சில வாரங்களை மீண்டும் நினைவு கூர்ந்தார். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு மனிதர் மனத்தில் ஒரு கரை அழியாமல் இருந்தது என்றால், அவர் அதனை எத்துணை ஊன்றிப் பார்த்திருக்க வேண்டும் என்பதை நேயர்களே உய்த்துணரலாம். பிற்காலத்தில் அவரே தம் ஆட்சியாளர் வாழ்வை ஐயுற்று, அப்பதவியைத் துறந்தார் என்பதையும் மறத்தல் ஆகாது. பிறர் நாட்டைக் கூர்ந்து பார்ப்பவன் ஈற்றில் தன்னையும் பார்க்க நேர்கிறது.

ஆனால் என் உள்ளத்தில் முதலிடம் பெற்றவர் வேறொருவர். 1902ஆம் ஆண்டு, முத்துப் பார்கள் ஏன் சில காலம் விளைந்து சில காலம் வெறுமையாகின்றன என்பதை ஆராயுமாறு, லிவர்பூலிற் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹெர்ட்மனை அரசாங்கம் அழைத்தது. அவருக்குத் துணைவராக வந்தார் ஜேம்ஸ் ஹோர்னெல். ஜெர்சித் தீவிலே கடலுயிர் ஆய்வு நடத்திவந்தவர். சில மாதங்களில் ஹெர்ட்மன் ஊர் திரும்பினார், ஹோர்னெல் தங்கினார். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக அவர்களுடைய அறிக்கை வெளிவந்தது. அவருக்கு அரசாங்கம் கொடுத்த வேலை அதுவே. அதனை அவர் குறைவின்றிச் செய்தார். 1908ஆம் ஆண்டு சென்னை மாகாண மீன்வளத் துறையிற் சேர்ந்து, பிற்காலத்தில் அதன் தலைமைப் பதவியையும் வகித்தார்.

இனிக் கேளுங்கள். சிப்பியை ஆராய வந்த மனிதரின் பார்வை, சிப்பியோடு நில்லாமல், சிப்பியை ஏற்றிவந்த தோணியின் மீதும் சென்றது. இத்தோணிக்கு ஏன் ஒரு பக்கம் மரம் கட்டியிருக்கிறது, அத்தோணிக்கு ஏன் இல்லை? ஒரு கரையிற் பலகையைக் கயிற்றால் தைக்கின்றனர், மற்றொரு கரையில் ஆணியால் அறைகின்றனர், ஏன்? கட்டுமரத்தின் மரங்கள் ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறுவது எதனால்? இவை அவருடைய உத்தியோகத்தில் அடங்கிய கேள்விகள் அல்ல. ஆயினும் சென்ற துறைதோறும் அவர் கேட்ட கேள்விகள் இவை. 1914ஆம் ஆண்டு சங்கு பற்றி ஒரு முழு நூல் எழுதினார். கடலிற் சங்கு எடுக்கும் முறையோடு நில்லாது, சங்கு வளையலை யார் அணிவர், எந்தச் சடங்கிற் சங்கு ஊதுவர் என்பவற்றையும் தொகுத்தார். 1920ஆம் ஆண்டு இந்தியத் தோணிகளின் அமைப்பும் தோற்றமும் பற்றி எழுதினார். அறுபது வயதை எட்டும் பருவத்தில் பசிபிக் கடலுக்குச் சென்று அங்குள்ள ஓடங்களையும் ஆராய்ந்தார். 1946ஆம் ஆண்டு, உலகத்து நீர்ப்போக்குவரத்தின் தோற்றத்தைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் வெளியாயிற்று. 1949இல் மறைந்தார். முத்து உண்டாவதற்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணிப் புழுவின் இளம்பருவமே என்று ஹெர்ட்மனும் அவரும் கொண்ட முடிவைப் பின்வந்தோர் ஐயுற்றனர். தோணிகளைப் பற்றி அவர் எழுதியவற்றையோ, படகு ஆராய்ச்சி செய்வோர் இன்றும் தேடிப் படிக்கின்றனர். கடமையின் ஓரத்திலே முளைத்த செடி கடமையைக் காட்டிலும் நெடுங்காலம் நின்றது.

அவரிடமிருந்து நான் கற்ற பாடம் ஒன்றே. வெளிநாடு செல்பவன் பத்து இடங்களைக் காண வேண்டுவதில்லை; ஒரு கேள்வியைக் கையிற் கொண்டு செல்ல வேண்டும். கேள்வி உடையவனுக்கு எந்தத் தெருவும் வெறுந்தெரு ஆகாது.

இப்பாடத்தை நான் நூலிற் படித்தறிந்தேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. காலந் தாழ்த்தி, பட்டு அறிந்தேன்.

நான் முசலிப் பிரிவிற் கரையோரச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவன். என் பாட்டனார் இளம் வயதில், 1925ஆம் ஆண்டு நடைபெற்ற கடைசி முத்துக்குளிப்பின்போது, தோணியிற் கயிறு இழுத்தவர். எங்கள் வீட்டு முற்றத்திலே, மேலே துளையிட்ட ஒரு கல் கிடந்தது. ஆடு கட்டுவதற்கு அதனைப் பயன்படுத்தினோம். 'அது உன் அப்பா கடலுக்குக் கொண்டுபோன கல்' என்று வாப்பும்மா சொல்வார். 'அரபிகள் இங்கே வந்து நம்மோடு தொழுதார்கள். நம் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள்' என்றும் சொல்வார். நான் கேட்டதில்லை. பாட்டனார் திண்ணையில் அமர்ந்திருப்பார். நான் பந்து விளையாடச் செல்வேன். அவர் மறைந்தார். பின்னர் 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எங்கள் குடும்பமும் கையில் எடுக்கக் கூடியதை எடுத்துக்கொண்டு புத்தளம் சென்றது. கல்லை யார் எடுப்பார்? போர் முடிந்து 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் நாங்கள் திரும்பி வந்து பார்த்தபொழுது, முற்றம் இருந்த இடத்தில் முட்காடு இருந்தது. வீட்டின் அத்திவாரத்தைக் கண்டோம், கல்லைக் காணவில்லை.

2014ஆம் ஆண்டு, குளிரூட்டும் இயந்திரங்கள் சிலவற்றைப் பழுதுபார்க்கும் பொருட்டு நான் மூன்று கிழமைக்குப் பஹ்ரெய்ன் தீவுக்கு அனுப்பப்பட்டேன். முதலாவது வெள்ளிக்கிழமை ஓய்வு. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அறைக்கு வந்து உறங்கினேன். மாலையிற் கடைத்தெருவுக்குச் சென்று, ஒரு கம்பளியும் இரண்டு அத்தர்ப் புட்டிகளும் வாங்கினேன். அந்நாள் அவ்வாறே போயிற்று. இரவு படுக்கையிற் கிடந்து நினைத்தபொழுது, அன்று நான் கண்டவை யாவும் கொழும்பிலும் காணக் கூடியவையே என்பது புலனாயிற்று. மனத்துக்கு வெட்கமாய் இருந்தது.

அடுத்த வாரம் என்னோடு வேலை செய்த மலையாளி ஒருவர், முஹர்ரக் என்னும் பழைய நகரத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். முத்துக்குளிப்பின் நினைவாக அங்குள்ள வீடுகளும் கடற்கரைக் கோட்டையும் சிப்பிப் பரப்புகளும் 2012ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன என்பதை அவர் மூலமே அறிந்தேன். முத்து என்ற சொல் காதில் விழுந்ததும் வாப்பும்மாவின் குரல் கேட்டது. இரண்டாவது வெள்ளிக்கிழமை பிற்பகல் பேருந்தேறி அங்குச் சென்றேன்.

குறுகிய சந்துகள், பவளக்கல்லால் எழுப்பிய பழைய சுவர்கள். ஓரிடத்திற் சுழியோடிகளின் கருவிகளைக் காட்சிக்கு வைத்திருந்தனர். கூடை, கயிறு, மூக்கை அடைக்கும் சிறு கவ்வி. அக்கவ்வியை அவர்கள் 'ஃபிதாம்' என்பர். கயிறு இழுப்பவனுக்கு 'ஸைப்' என்று பெயர். எங்கள் நாட்டுச் சுழியோடி மூக்கைக் கையாலேயே பிடித்துக்கொண்டு இறங்குவான். அராபியன் கவ்வி இட்டு இறங்குவான். பக்கத்திலே ஒரு கல் இருந்தது. மேலே துளை. ஆடு கட்டிய எங்கள் கல்லுக்கும் அதற்கும் வேற்றுமை காண என்னால் முடியவில்லை. அதன் முன் நான் எத்துணை நேரம் நின்றேன் என்பது எனக்குத் தெரியாது. காவலர் அருகே வந்து, 'உடல் நலமில்லையோ' என்று கேட்கும் வரை நின்றேன்.

வெளியே ஒரு தேநீர்க் கடை. கடைக்காரர் மலையாளி. அங்கே முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். நான் இலங்கையன் என்பதைக் கடைக்காரர் சொல்ல, முதியவர் நிமிர்ந்து 'சீலான்' என்றார். அவருடைய பாட்டனார் முத்துக்குளிக்கச் சீலானுக்குச் சென்றவர் என்று தம் தந்தை சொல்லக் கேட்டிருக்கிறாராம். எந்த ஊர் என்பது அவருக்குத் தெரியவில்லை. 'கடல் எங்கள் கடல் போன்றே இருந்ததாம். கரையிலே காடும் யானையும் இருந்தனவாம்' என்றார். காட்டின் ஓரத்தில் அமைந்த கரை மறிச்சுக்கட்டியே என்று என் மனம் சொல்லிற்று. அதனை மெய்ப்பிக்க வழியில்லை. பின்னர் அவர் என்னிடம் ஒன்று கேட்டார்: 'உன் பாட்டனார் என்ன சொன்னார்?'

நேயர்களே, நான் விடை சொல்ல முடியாமல் நின்றேன். என் பாட்டனார் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. நான் அவரை ஒரு நாளும் கேட்டதில்லை. அலுவலுக்காகக் கடல் கடந்து சென்ற இடத்திலே, ஓய்வாய்க் கிடைத்த ஒரு பிற்பகலில், என் வீட்டுத் திண்ணையில் நான் இழந்தது எது என்பதை அறிந்துகொண்டேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமையும் அங்கேயே சென்றேன். வேறு இடம் காணும் ஆசை எனக்கு எழவில்லை. முதியவர் கயிற்றுக்கும் கூடைக்கும் தோணியின் பாகங்களுக்கும் தம் மொழியில் வழங்கும் பெயர்களைச் சொல்ல, கடைக்காரர் உதவியோடு ஒரு கொப்பியில் எழுதினேன். ஊர் திரும்பியதும், எங்கள் பகுதியில் எஞ்சியிருந்த முதியோரைத் தேடிச் சென்று, அதே பொருள்களுக்கு நம் பெயர்களைக் கேட்டு எதிர்ப்பக்கத்தில் எழுதினேன். சிலவற்றுக்கே விடை கிடைத்தது. பல இடங்கள் வெறுமையாகவே உள்ளன. கம்பளி கிழிந்துவிட்டது; அத்தர் தீர்ந்துவிட்டது; கொப்பி இருக்கிறது.

இனி, பணி நிமித்தம் வெளிநாடு செல்லவிருப்போர்க்கு என் அனுபவத்திற் கண்ட சிலவற்றைச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது, கடமையைத் திருடி ஓய்வைப் பெருக்காதீர்கள். அனுப்பியவருக்குரிய பொழுது அவருடையது. ஹோர்னெல் தோணியைப் பார்த்தார். ஆனால் சிப்பியைக் கைவிடவில்லை. கடமையை நேரத்தில் முடித்தவனுக்கே ஓய்வு இனிக்கும்.

இரண்டாவது, புறப்படுமுன் ஒரு கேள்வியைத் தெரிந்துகொள்ளுங்கள். அது உங்கள் தொழிலோடோ குடும்பத்தோடோ ஊரோடோ தொடர்புடையதாய் இருத்தல் நன்று. தச்சன் கதவுகளைப் பார்க்கட்டும். விவசாயி வீட்டுப் பிள்ளை சந்தையில் அரிசியைப் பார்க்கட்டும். ஆசிரியர் பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் நின்று பிள்ளைகளைப் பார்க்கட்டும். சமையல் தெரிந்தவர் அவ்வூரார் புளிப்புக்கு எதனைச் சேர்க்கின்றனர் என்று கேட்கட்டும்.

மூன்றாவது, அந்நாட்டு மொழியில் ஐம்பது சொற்களேனும் கற்றுக்கொள்ளுங்கள். வணக்கமும் நன்றியும் விலையும் வழியும் மட்டும் போதா. 'இதற்குப் பெயர் என்ன' என்று கேட்கத் தெரிய வேண்டும். அவ்வொரு வினா பல கதவுகளைத் திறக்கும்.

நான்காவது, ஒரே தெருவில் இரு முறை நடவுங்கள். முதன்முறை நீங்கள் அன்னியர். இரண்டாம் முறை அங்குள்ளோர் உங்களை அடையாளம் காண்பர். எனக்கு முதியவர் பெயர்களைச் சொன்னது இரண்டாம் முறையிலேதான்.

ஐந்தாவது, நாள்தோறும் இரவில் பத்து வரி எழுதுங்கள். படம் எடுப்பதில் தவறில்லை. ஆனால் மனிதரைப் படமெடுக்குமுன் அனுமதி பெறுங்கள். துறைமுகம், விமான நிலையம், படைமுகாம் முதலிய இடங்களில் அந்நாட்டுச் சட்டத்தை அறியாமற் கருவியை எடுக்காதீர்கள். படம் முகத்தைக் காட்டும். முகம் சொன்ன சொல்லை நீங்கள்தாம் எழுத வேண்டும்.

ஆறாவது, உடல் ஓய்வு கேட்டால் கொடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நின்றவனிடம் அருங்காட்சியகம் பார்க்கச் சொல்வது இரக்கமற்ற உபதேசம். உறங்கி எழுந்த பின் எஞ்சும் ஒரு மணி நேரமே போதும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமற் செல்ல மனம் ஒப்பவில்லை. ஓய்வே கிடைக்காதவர்களும் இருக்கின்றனர். வீட்டுப் பணிக்குச் சென்ற நம் பெண்கள் பலருக்கு, வாரத்தில் ஒரு நாள் வெளியே காலடி வைப்பதும் கனவாய் இருந்ததை நாம் அறிவோம். தொழிற்சாலைத் தொழிலாளர்க்கு ஏழு நாளில் தொடர்ச்சியாக இருபத்து நான்கு மணி நேர ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழில் அமைப்பு 1921ஆம் ஆண்டிலேயே உடன்படிக்கை வகுத்தது. வீட்டுப் பணியாளர்க்கு அதே உரிமையைக் கூறும் உடன்படிக்கை தொண்ணூறு ஆண்டுகள் கழிந்து, 2011ஆம் ஆண்டிலேதான் வந்தது. ஓய்வு என்பது முதலாளி இடும் பிச்சை அன்று, உழைப்பவனின் உரிமை. ஒப்பந்தத்திற் கையெழுத்திடுமுன் ஊதியம் எவ்வளவு என்று கேட்கும் நாம், ஓய்வு நாள் எது என்றும் கேட்க வேண்டும். உறவினரை அனுப்பி வைப்போரும் இதனைக் கேட்டறிந்த பின்னரே அனுப்ப வேண்டும். ஓய்வை எப்படிச் செலவிடுவது என்று பேசும் உரிமை, ஓய்வு எல்லார்க்கும் கிடைக்க வேண்டும் என்று சொல்பவனுக்கே உண்டு.

இறுதியாக ஒன்று. வெளிநாடு செல்லாதவர்கள் இப்பேச்சு தமக்குரியதன்று என்று எண்ண வேண்டா. அலுவல் நிமித்தம் வெளியூரிலிருந்து முசலிக்கு மாற்றலாகி வரும் உத்தியோகத்தர்களை நான் காண்கின்றேன். ஆசிரியர் வருகின்றனர், தாதியர் வருகின்றனர், வங்கி எழுதுவினைஞர் வருகின்றனர். மாலை வந்தால் இங்கே பொழுது போகவில்லை என்று குறை கூறுகின்றனர். அவர்கட்கு நான் சொல்வது இது: ஒரு நாள் மாலை அரிப்பு மேட்டுக்கு வாருங்கள். மாளிகையின் தூண்கள் ஒவ்வொன்றாய்க் கடலை நோக்கிச் சரிகின்றன. இன்னும் எத்தனை ஆண்டு நிற்குமோ அறியோம். கடலைப் பாருங்கள். பின்னர் பக்கத்து வீட்டுத் திண்ணைக்குச் செல்லுங்கள். அங்கே ஒரு முதியவர் இருப்பார். அவரிடம் ஏதேனும் ஒரு பொருளைக் காட்டி, இதற்குப் பெயர் என்ன என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் கொப்பியில் வெறுமையாய் உள்ள இடங்களுக்கு உரிய சொற்கள் எந்தத் திண்ணையில் இருக்கின்றனவோ, யார் அறிவார்? கேட்பவர் ஒருவர் வந்தால் அவை பிழைக்கும்.